தொட்டி எலுமிச்சை ஏன் அழுகியது? பைன் பட்டைக் கலவை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி: கோவையில் மாடியில் 14 தொட்டிகள் வைத்திருக்கிறேன். எலுமிச்சை, ரோஜா, கறிவேப்பிலை, அடினியம். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு கலந்துதான் வைத்தேன். போன ஐப்பசி மழையில் இரண்டு எலுமிச்சையும் ஒரு அடினியமும் அழுகிவிட்டன. வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் பைன் மரப்பட்டைக் கலவை என்கிறார்கள். நமக்கு அது தேவையா? தேவை என்றால் எதைப் பார்த்து வாங்குவது, எப்படிக் கலப்பது?

பதில்:

எலுமிச்சை செத்த தொட்டியை இன்னும் கொட்டாமல் வைத்திருந்தால், முதலில் அதை ஒரு சாக்கின் மேல் கவிழ்த்துப் பாருங்கள். என் வீட்டில் இதே மாதிரி ஒரு நாரத்தை போனபோது நான் அதைத்தான் செய்தேன். மேலே நான்கு விரல் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதுவரை வேர் வெள்ளையாக, நன்றாகவே இருந்தது. அதற்குக் கீழே மண் கறுத்து, சாக்கடை வாடை அடித்தது. வேரைப் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் கையோடு உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிச்சம். தொட்டிக்கு அடியில் 5 ஓட்டை இருந்தது, ஒன்றுகூட அடைபடவில்லை. ஓட்டையெல்லாம் திறந்திருந்தும் அடியில் தண்ணீர் எப்படி நின்றது என்பதைப் புரிந்துகொண்டால், பட்டை எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, பிழியாமல் எடுத்து உள்ளங்கையில் படுக்கை வசமாகப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். நின்ற பிறகு அதைப் பக்கவாட்டில் திருப்புங்கள், மறுபடி சொட்டும். நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் வடியும். ஸ்பாஞ்சும் அதே, ஓட்டைகளும் அதே. மாறியது உயரம் மட்டும்தான். எந்தக் கலவையாக இருந்தாலும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். புவியீர்ப்பு இழுத்தாலும் அது இறங்காது. அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியின் அளவு. நைசான மண் என்றால் அரைச் சாண், அதற்கு மேலும் போகும். 3 முதல் 10 மில்லிமீட்டர் பட்டைத் துண்டுகள் என்றால் இரண்டு விரல் உயரம் தாண்டாது.

தோட்டத்து மண்ணில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. கீழே தொடர்ந்து மண் இருப்பதால் தண்ணீர் கீழே கீழே இழுபட்டுப் போய்க்கொண்டே இருக்கும், மண்புழுவும் பழைய வேர்களும் துளை போட்டு வைத்திருக்கும். தொட்டியில் ஒரு சாண், ஒன்றரைச் சாணில் மண் முடிந்துவிடுகிறது. அங்கே அரைச் சாண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்கு மூச்சுவிட மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேரும் சுவாசிக்கிறது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் அந்த ஈரப் பகுதிக்குள் காற்றே போகாது. வேர் மூச்சுத் திணறிச் சாகும், செத்த வேரில் பித்தியம், பைட்டாப்தோரா போன்ற அழுகல் நோய்க்கிருமிகள் புகுந்துவிடும். அதனால் உங்கள் எலுமிச்சைக்கு மருந்து அடிக்காததால் இது நடந்தது என்று நினைக்க வேண்டாம்.

இதற்காக அடியில் ஜல்லியோ ஓட்டுச் சில்லோ ஒரு அடுக்கு போடுவது நம் ஊரில் பரம்பரையாக வரும் வழக்கம். என் மாமியாரும் அப்படித்தான் செய்வார். அதனால் பயன் இல்லை, சொல்லப்போனால் கெடுதல். மேலே இருக்கும் நைசான மண், தன் ஈரத்தைப் பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் விடாது. அந்த ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இருந்த கொஞ்ச இடமும் குறையும். ஓட்டை வழியே கலவை ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

பட்டைக் கலவை இந்த இடைவெளிக் கணக்கிலிருந்து பிறந்த விஷயம். 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் தொட்டிக்கென்று சூத்திரம் போட்டபோதும் வண்டல் மண்தான் அதில் அடிப்படை. பிறகு அமெரிக்க நர்சரிகள் லட்சக்கணக்கில் தொட்டிச் செடி வளர்க்க ஆரம்பித்தபோது மண் கனமாகவும் ஒரே தரத்தில் கிடைக்காததாகவும் இருந்தது. மர ஆலைகளிலோ உரித்த பட்டை மலை மலையாகக் கிடந்தது. அதை எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கழிவை உடைத்து, சலித்து, மக்கவைத்துத் தொட்டியில் போட்டுப் பார்த்ததில் செடிகள் பிழைத்தன என்பதோடு நிற்கவில்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹாய்டிங்க் என்ற தாவர நோயியல் அறிஞர், முறையாக மக்கவைத்த பட்டையில் வேரழுகல் நோய் கட்டுப்படுவதை ஆராய்ந்து காட்டினார். பட்டையில் குடியேறும் நல்ல நுண்ணுயிர்கள் கெட்டவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இன்றும் ரேடியாட்டா பைன் பட்டைதான் தொட்டிக் கலவையின் முதுகெலும்பு.

பைன் பட்டையை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? பட்டை என்பது மரத்தின் தோல். மழை, பூஞ்சை, பூச்சி எல்லாவற்றையும் வெளியே நிறுத்துவதற்கென்றே உண்டானது. அதில் லிக்னினும் மெழுகு போன்ற பொருட்களும் அதிகம், சீக்கிரம் மக்கும் செல்லுலோஸ் குறைவு. அதனால் தொட்டிக்குள் ஏறக்குறைய இரண்டு வருஷம் வரை துண்டு துண்டாகவே நிற்கும். உள்ளே சின்னச் சின்ன அறைகள் இருப்பதால் கொஞ்சம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். மரத்தூளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தச்சுப் பட்டறையிலிருந்து வரும் தூளும், பைன் பேக்கிங் பெட்டி உடைத்த சிம்பும் கட்டை, பட்டை அல்ல. கட்டை வேகமாக மக்கும், மக்கும்போது கலவையில் இருக்கும் தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், அமுங்கியும் போகும்.

சரி, உங்களுக்குத் தேவையா?

எல்லாத் தொட்டிக்கும் தேவையில்லை. கத்தரி, தக்காளி, வெண்டை, கீரை எல்லாம் நாலைந்து மாதப் பயிர். அவற்றுக்குக் கோகோபீட் கலவையே போதும், கலவை அமுங்குவதற்குள் பயிர் முடிந்துவிடும். பட்டை வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று வருஷம் இருக்கப்போகும் செடிகளுக்குத்தான் பட்டை தன் விலைக்கு நியாயம் செய்யும். எலுமிச்சை, கறிவேப்பிலை, ரோஜா, மல்லி, செம்பருத்தி, ஆந்தூரியம், ஆர்க்கிட், அடினியம். உங்கள் 14 தொட்டியும் அநேகமாக இந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன.

கோகோபீட்டை நான் குறை சொல்லவில்லை. பொள்ளாச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஒதுக்குவது முட்டாள்தனம். ஆனால் கோகோபீட் என்பது தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சும் சோறு, துகள் மிக நைசு. தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். அதே மட்டையைத் துண்டு போட்டு விற்கிறார்களே, கோகோ சிப்ஸ், அதன் கதை வேறு. அது பட்டை செய்யும் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடும், விலையும் பைன் பட்டையைவிடப் பல மடங்கு குறைவு. பட்டையைவிடச் சீக்கிரம் மக்கும், உப்பு இருக்கும். இந்த இரண்டுதான் குறை. முதலாவதுக்குக் கலவையைக் கொஞ்சம் முன்னதாக மாற்றிக்கொள்ளலாம், இரண்டாவதுக்குக் கழுவலாம். அதனால் என் யோசனை: பெருந்துகளில் பாதி பைன் பட்டை, பாதி மட்டைச் சில்லு. பட்ஜெட் இடிக்கிறதென்றால் முழுக்கச் சில்லே போடுங்கள், குடி முழுகாது.

இப்போது வாங்கும் விஷயம். நம் நாட்டில் கிடைப்பது பெரும்பாலும் இமயமலை அடிவாரத்தில் வளரும் ‘சீர் பைன்’ என்ற மரத்தின் பட்டை. நியூசிலாந்திலிருந்து வருவதும் கிடைக்கிறது, ஆனால் அந்த விலை ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போகும்போது ஒரு சாக்கு அள்ளி வரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது வனத்துறை நிலம், தயவுசெய்து வேண்டாம்.

பாக்கெட்டில் ஆர்க்கிட் மீடியா என்று போட்டிருந்தால் உஷாராக இருங்கள். அந்தத் துண்டுகள் பெரும்பாலும் 10 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். மரத்தில் தொங்கும் ஆர்க்கிட்டுக்கு அது சரி. எலுமிச்சைத் தொட்டியில் போட்டால் ஊற்றிய தண்ணீர் நேராகக் கீழே ஓடிவிடும், செடி மே மாதத்தில் காய்ந்துபோகும். மூட்டைக்கு வெளியே எழுதியிருக்கும் பெயரைவிட உள்ளே இருக்கும் துண்டின் அளவுதான் முக்கியம். விற்பவரிடம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். 3 முதல் 10 என்று சொன்னால் வாங்கலாம். சொல்லத் தெரியவில்லை என்றால் ஒரு கைப்பிடியை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ கேளுங்கள்.

அடுத்து, கிலோவா லிட்டரா என்று பாருங்கள். காய்ந்த பட்டை ரொம்ப லேசு, ஒரு கிலோ வாங்கினால் நாலு, ஐந்து லிட்டர் வரும். ஆனால் ஈரமாக இருக்கும் பட்டையைக் கிலோ கணக்கில் வாங்கினால் பாதிக் காசு தண்ணீருக்குத்தான் போகும். இரண்டு கடைகளை ஒப்பிடும்போது லிட்டருக்கு என்ன விலை என்று மாற்றிப் பார்ப்பதுதான் சரி.

மூட்டை வந்ததும் முகத்தைக் கிட்டே வைத்து முகராதீர்கள். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மக்கும் கலவைகளில் லெஜியனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா வளரும், தூசியோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம். ஆஸ்திரேலியாவில் தொட்டிக் கலவை மூட்டைகளில் இதற்கு எச்சரிக்கையே அச்சிட்டு விற்கிறார்கள். முகக்கவசம் போட்டு, காற்றோட்டமான இடத்தில் பிரித்து, முதலில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

கொஞ்சம் தள்ளி நின்றாலே வாடை தெரியும். மழை பெய்த காட்டு மண் வாசம் வந்தால் நல்ல பட்டை. புளித்த காடி வாடை அடித்தால் காற்றில்லாமல் மூட்டைக்குள்ளேயே நொதித்திருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே தொட்டியில் போட்டால் இளம் வேர் கருகும். மொட்டைமாடியில் பரப்பி, நனைத்து, ஒரு வாரம் கிளறிவிட்டால் சரியாகிவிடும். நிறம் கரும்பழுப்பாக இருக்க வேண்டும். வெளிர் மஞ்சளாக, நார் நாராகச் சிம்புகள் நிறைய இருந்தால் பட்டையோடு கட்டையும் சேர்ந்து வந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளரில் பட்டையை நனைத்து, பத்து வெந்தயம் போட்டுப் பாருங்கள். இன்னொரு டம்ளரில் உங்கள் வழக்கமான கலவையில் பத்து. இரண்டும் ஒரே மாதிரி முளைத்து வேர்விட்டால் பயமில்லாமல் பயன்படுத்தலாம்.

கலப்பதற்கு முந்தின நாளே பட்டையை ஊறப்போட வேண்டும். மெழுகுத் தன்மை இருப்பதால் காய்ந்த பட்டை தண்ணீரை உதறிவிடும். முதல் ஒரு மணி நேரம் பக்கெட்டில் தெப்பம் மாதிரி மிதக்கும். மேலே ஒரு தட்டை வைத்து அழுத்தி, இரவு முழுக்க விடுங்கள். மட்டைச் சில்லுக்கும் கோகோபீட்டுக்கும் வேறு கவனிப்பு. தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து வடித்து, இப்படி மூன்று முறை செய்யுங்கள். முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், மூன்றாவது வெளிறிவிடும். கடைசியாக, 10 லிட்டருக்கு 50 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி ஒரு முறை அலசிவிடுவேன். வெறும் தண்ணீரில் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் வெளியேற்றிவிடும்.

அளவு இதுதான். பட்டையும் மட்டைச் சில்லும் சேர்த்து 5 பங்கு. கழுவிய கோகோபீட் ஒன்றரைப் பங்கு. பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த லேசான வெள்ளைத் துகள்) ஒரு பங்கு, இல்லையென்றால் பொடியாகாத, முழுசாகக் கருக்கிய உமி ஒரு பங்கு. சலித்த மண்புழு உரம் அரைப் பங்கு. 10 லிட்டருக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. செம்மண் கிடையாது.

செம்மண்ணை ஏன் முழுசாக விட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு படி கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே எவ்வளவு இடைவெளி! அதில் அரைக்கால் படி கடுகைக் கொட்டிக் குலுக்கினால் படி வழியாது, கடுகு எல்லா இடைவெளியிலும் போய் உட்கார்ந்துவிடும். கடலைக்கு நடுவே இருந்த காற்றெல்லாம் போச்சு. செம்மண்ணின் நைஸ் துகள் செய்வது அதைத்தான். இன்னொரு பக்கம், உங்கள் பழைய கலவையிலேயே ரெண்டு கை பட்டை சேர்த்தால் போதாதா என்றும் நினைக்கத் தோன்றும். பாயசத்தில் முந்திரி போடுவது மாதிரிதான் அது. முந்திரி எத்தனை போட்டாலும் சுற்றி இருப்பது பாயசம்தான். பட்டைத் துண்டுகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றால்தான் நடுவே காற்றுக்கு வழி கிடைக்கும். அதற்கு மொத்தக் கலவையில் பாதிக்கு மேல் பெருந்துகள் இருந்தாக வேண்டும்.

கலந்ததை நம்பி நட்டுவிடாதீர்கள், ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரு தொட்டியின் ஓட்டைகளை டேப்பால் இறுக ஒட்டி, ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி அது எத்தனை லிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே கோடு வரை ஈரக் கலவையை நிரப்பி, ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். மேலே பளபளவென்று தெரியும் வரை ஊற்றி ஒரு இரவு விட்டு, காலையில் குறைந்ததை நிரப்புங்கள். இப்போது தொட்டியை ஒரு அகலமான பேசினுக்கு மேல் தூக்கி வைத்து டேப்பைக் கிழித்துவிட்டு, ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். வடிந்த தண்ணீர் எவ்வளவோ, அவ்வளவு இடம் காற்றுக்குக் கிடைத்திருக்கிறது. 10 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் வடிந்தால் 20 சதவீதம். 15-லிருந்து 25 வரை எலுமிச்சைக்கும் ரோஜாவுக்கும் அருமை. 10-க்குக் கீழே என்றால் மழைக்காலத்தில் அழுகும். 30-க்கு மேல் ஆர்க்கிட்டுக்கு நல்லது, மற்றவற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மாளாது. செம்மண் மூன்றில் ஒரு பங்கு போட்ட என் பழைய கலவையில் அன்றைக்கு அரை லிட்டர்கூட வடியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மண்ணை விட்டேன். எந்தத் தொட்டியில் நடப்போகிறீர்களோ அதே உயரத் தொட்டியில் அளக்க வேண்டும். ஸ்பாஞ்ச் நினைவிருக்கட்டும், குட்டைத் தொட்டியில் இதே கலவை ஈரம் கூடுதலாகக் காட்டும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் டோலமைட் சுண்ணாம்பு கட்டாயம் என்று இருக்கும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. புதுப் பட்டையின் அமில-காரத் தன்மை (pH) 4-க்கும் 5-க்கும் நடுவே, நல்ல புளிப்பு. அவர்கள் மழைத்தண்ணீரோ மென்மையான குழாய்த் தண்ணீரோ ஊற்றுகிறார்கள், அதனால் சுண்ணாம்பு போட்டு ஏற்ற வேண்டியிருக்கிறது. நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீர் சில மாதத்தில் தானாகவே கலவையைக் காரப் பக்கம் இழுத்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீர் ஊற்றுபவருக்குப் பட்டையின் புளிப்பு ஒரு வரம், அதைச் சுண்ணாம்பு போட்டுக் கெடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குச் சிறுவாணி வருகிறதென்றால் கதை வேறு. அது மென்மையான தண்ணீர், 10 லிட்டர் கலவைக்கு 30 கிராம் டோலமைட் போடுங்கள், கால்சியமும் மக்னீசியமும் அதிலேயே கிடைக்கும்.

உரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மண்ணில் வளர்த்த பழக்கத்தில் மாதம் ஒருமுறை ஒரு கை மண்புழு உரம் போட்டுவிட்டு, இலை மஞ்சளாகிறது, பட்டை சரியில்லை என்று சொல்வார்கள். பட்டையில் சத்து என்று ஒன்றும் கிடையாது. அதோடு, பட்டையை மெல்ல மெல்லத் தின்னும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தில் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் கரையும் உரம்) லிட்டருக்கு ஒரு கிராம். அதில் கால்சியம் இல்லை, ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறொரு நாளில் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெண்மையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். இயற்கை முறைதான் என்றால் ஊறவைத்து வடித்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை வாரம் ஒருமுறை ஊற்றலாம், ஆனால் தெளிவை மட்டும். கசடு இடைவெளியை அடைக்கும். அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் போதவில்லை. நுனிக் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்து, பெரும்பாலும் போர் தண்ணீரின் வேலை. சீலேட் வடிவ இரும்பு (காரத் தண்ணீரிலும் செடிக்குக் கிடைக்கும்படி பிணைத்த இரும்பு) கொடுத்தால் பத்து, பதினைந்து நாளில் வரும் புதுக் கொழுந்து பச்சையாகத் தெரியும்.

தண்ணீர் ஊற்றும்போது மேற்பரப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்டை மேலே காய்ந்து கிடக்கும், இரண்டு அங்குலம் கீழே ஈரம் இருக்கும். தொட்டிக்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி வைத்து, உருவித் தொட்டுப் பாருங்கள். கத்திரி வெயிலில் தினமும் இரண்டு வேளை கேட்கும், அதற்குத் தயாராக இருங்கள். ஊருக்குப் போய் மூன்று நாள் விட்டுத் திரும்பினால், கலவை முழுக்கக் காய்ந்து தண்ணீரை உள்ளே வாங்காது, ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது தொட்டியோடு தூக்கி ஒரு டப்பில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை, தொட்டி கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வெறும் தண்ணீரை ஊற்றி உப்பை அலசிவிடுவதும் நல்லது.

கோவைக்காரர் என்பதால் இன்னொன்று. இந்தக் கலவை லேசு. நனைந்த செம்மண் தொட்டியில் பாதி எடைகூட வராது. மாடித் தளத்துக்கு அது நிம்மதி, ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று அம்மியையே பறக்கவைக்கும் என்பார்கள், உயரமான எலுமிச்சை எம்மாத்திரம். அகல அடி உள்ள தொட்டியாக எடுங்கள், அல்லது கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். எடைக்கென்று உள்ளே கல்லைப் போடுவதைவிட அது மேல்.

செடி மாற்றும்போது நர்சரி மண் உருண்டையை அப்படியே பட்டைக்குள் வைக்காதீர்கள். நர்சரிகளில் களிமண்ணைப் பிசைந்து கட்டியிருப்பார்கள். சுற்றிலும் பட்டை, நடுவே களி உருண்டை என்றால், மழையில் உருண்டை ஊறி அழுகும், வெயிலில் அது காய்ந்து தண்ணீர் பட்டை வழியாக ஓடிவிடும். பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, கையால் அலசி, முக்கால்வாசி மண்ணாவது போகும்படி செய்யுங்கள். கறுத்த வேரை வெட்டுங்கள். கொஞ்சம் வேர் போகும், அதற்கேற்ப மேலே கிளையையும் கவாத்து செய்யுங்கள். நட்ட பிறகு இரண்டு வாரம் நிழல். உரம் அதுவரை வேண்டாம்.

இப்போதைக்கு எல்லாத் தொட்டியையும் மாற்ற முடியாது, மழை நெருங்குகிறது என்றால் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பாலியஸ்டர் கயிறு ஒரு முழம் எடுத்து, அடி ஓட்டை வழியாக ஒரு குச்சியால் கலவைக்குள் நாலு விரல் செருகுங்கள். மீதி கயிறு தொட்டிக்குக் கீழே தொங்க வேண்டும், அதற்குத் தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். கயிறு நனைந்ததும் அடியில் தேங்கிய தண்ணீர் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். தொட்டியின் ஆழத்தைக் கயிறு நீட்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்பாஞ்சை நெட்டுக்குத்தலாக நிறுத்தினோமே, அதே கணக்கு. என் கறிவேப்பிலை ஒன்று பழைய செம்மண் கலவையிலேயே இந்தக் கயிற்றை வைத்து இரண்டு மழைக்காலம் தாண்டியிருக்கிறது.

அடினியத்துக்கு மேலே சொன்ன கலவை ஈரம் அதிகம். பட்டை 2 பங்கு, பட்டாணி அளவு உடைத்த செங்கல் 2 பங்கு, அடுப்புக்கரி அரைப் பங்கு, கோகோபீட் அரைப் பங்கு போதும். செங்கல் தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் எந்தக் கலவையில் இருந்தாலும் அதை ஷெட்டுக்குள் நகர்த்துங்கள். மிச்சம் இருக்கும் அடினியங்களின் அடித்தண்டை இன்றே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் மாசி வரை தொட வேண்டாம், வெயில் ஏறியதும் மாற்றலாம். மெத்தென்று அமுங்கினால் காத்திருக்காதீர்கள். பிடுங்கி, அழுகலைக் கத்தியால் வெள்ளைச் சதை தெரியும் வரை சீவி எடுத்து, வெட்டுவாயில் மஞ்சள்தூள் தடவி, ஒரு வாரம் நிழலில் தொங்கவிட்டு, காயம் ஆறித் தோல் கட்டிய பிறகு நடுங்கள். எலுமிச்சைக்கும் ரோஜாவுக்கும் தை, மாசியோ, ஆனிச் சாரலோ நல்ல நேரம்.

அப்புறம் ஒன்றரை, இரண்டு வருஷம் கழித்து கலவை மட்டம் மூன்று விரல் இறங்கியிருந்தாலோ, ஊற்றிய தண்ணீர் மேலேயே ஒரு நிமிஷம் நின்றாலோ, தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்புக் கொசு பறந்தாலோ, பட்டை மக்கி நைசாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது மேலே புதுக் கலவை போட்டு நிரப்பினால் போதாது, நைசானது அடியில்தான் இருக்கிறது. செடியை வெளியே எடுத்து, பழசை உதறிவிட்டு முழுக்கப் புதுசு போடுங்கள். உதறிய பழைய கலவையைக் கீரைத் தொட்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.